பத்தாம் வரிசையில் குளிர்காலம்

நூருல் ஹுதா கொரியாவுக்குப் போட்டுப் போய் வந்த ஜாக்கெட்,
இரவல்.
அது தாங்குமா என்று பார்க்க
அக்கா என்னை அழைத்துப் போன இடம்
யீஷூன் பேரங்காடி, பத்தாம் வரிசை,
மீன் உருண்டைக்கும் உறைந்த பரோட்டாவுக்கும் நடுவில்.
கண்ணாடிக் கதவைத் திறந்து
தலையை உள்ளே விட்டாள்.
"எவ்வளவு நேரம் ஆச்சு?"
"நாப்பது வினாடி."
"அஞ்சு மாசம் தாங்குமா?"
என்னிடம் இல்லை,
பட்டாணிப் பொட்டலத்திடம் கேட்டாள்.

நவம்பர் முழுக்க எங்கள் வீட்டில்
பொருத்தம் பார்த்தார்கள்.
இங்கே படிக்க வேண்டிய ஐந்து பாடம்,
ஃபின்லாந்தில், தம்பெரேயில், கிடைக்கிற ஐந்து பாடம்.
நாலு கூடிவந்தது.
ஐந்தாவதை இரண்டு முறை
திருப்பி அனுப்பியது துறை அலுவலகம்.
"செவ்வாய் தோஷமாடி?" என்றார் அம்மா.
அக்கா சிரிக்கவில்லை.
பாடத்திட்டத்தை வாரம் வாரமாகப் பிரித்து
இரவு இரண்டு மணிக்கு மறுபடி அனுப்பினாள்.
அந்தப் பக்கம் சம்மதித்தது.

அப்புறம் எடை.
பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு
அப்பா தராசில் ஏறினார், இறங்கினார்,
தன்னைக் கழித்தார்.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
விமானம் கேட்டது முப்பது.
தேக்காவில் காற்றை உறிஞ்சிக் கட்டிய சாம்பார்ப் பொடியை
அக்கா வெளியே எடுத்து வைப்பாள்;
குளித்துவிட்டு வருவதற்குள்
அது உள்ளே இருக்கும்.
கடைசியில் ஊருக்குப் போகாமல் நின்றது
தடித்த ஒரு புள்ளியியல் புத்தகம்.

எனக்கு என்ன கிடைத்தது என்றால்,
அவள் அறை.
பதினேழு வருஷம் கூடத்தில்
மடக்குக் கட்டிலில் படுத்தவன் நான்.
சாங்கியில் எல்லாரும் அழுதபோது
ஜன்னலோர மெத்தையில் மானசீகமாகப்
புரண்டு படுத்துக்கொண்டிருந்தேன்.
பரிமாற்றத் திட்டம் என்று
பல்கலைக்கழகம் சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறது.

முதல் வாரம் குரல் இல்லை, ஒரே ஒரு வரி:
"வந்துட்டேன். சூரியன் இன்னும் வரல."
இரண்டாம் வாரம் திரையில் வந்தாள்.
எங்களுக்கு மாலை நான்கு.
அவளுக்குக் காலை பத்து,
ஜன்னலில் அப்போதுதான் நீலம்.
"இங்க பாத்தவுடனே மொய்னு சொல்றாங்கடா.
பஸ் ஓட்டுறவரு மொய், நூலகத்துல மொய்,
கிளம்பும்போது மொய் மொய்.
காலையிலேருந்து வாங்குறேன்,
பத்துக் காசு சேரல."
மின்தூக்கியில் ஏறியவர்களிடமெல்லாம்
அம்மா அதைச் சொல்லிச் சிரித்தார்,
புரியாத சீனப் பாட்டி உட்பட.

வெள்ளை மைதானம் ஒன்றில் நடந்தாளாம்.
நடுவில் நின்றபோது, இது ஏரி என்று
யாரோ சொன்னார்களாம்.
அப்புறம் காலை எப்படித் தூக்கி வைத்தாள் என்று
அறைக்குள் நடந்து காட்டினாள், கொக்கு மாதிரி.
சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது.
பொதுச் சமையலறையில் ஒரு போலந்துப் பையன்
வறுத்த உருளைக்கிழங்கில் தூவித் தூவி
முடித்துவிட்டானாம்.
"இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா?" என்றாள்
அம்மா முகத்தைப் பார்க்காமல்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை
முகம் சிவந்து, முடி நனைந்து அழைத்தாள்.
சானாவிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள்.
"எண்பது டிகிரி. சுடுகல்லுல தண்ணி ஊத்தினா
மத்தியானம் நம்ம புளோக்குக்குக் கீழ
பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே இருக்குடா.
ஆசை ஆசையா வேர்த்துட்டு வரேன்."

நான் அப்போது பத்தாம் வரிசையில்
பட்டாணி எடுக்க வந்திருந்தேன்.
வெளியே முப்பத்துமூன்று.
கதவைத் திறந்து கைப்பேசியை நீட்டினேன்,
பின்னாலேயே தலையையும்.
"தெரியுதா?"
"புகைதான் தெரியுது. நீ தெரியல."
"இரு, இன்னும் உள்ள வரேன்."
அவள் மூச்சு அங்கே ஆவியானது,
என் மூச்சு இங்கே.
எவ்வளவு நேரம் என்று
இந்த முறை யாரும் எண்ணவில்லை.

சிவப்புச் சட்டை போட்ட ஆன்ட்டி
தோளைத் தட்டினார்:
"தம்பி, கதவச் சாத்துலா.
மீனெல்லாம் வேர்க்குது."